வடசென்னையும் சிறுநூல்களும்

திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு திருப்பெயர் உண்டு. அரசன் ஒருவன் தன் நாட்டு ஊர்கள் அனைத்திற்கும் இறை விதித்து ஓலை போக்கினான் என்றும், அவ்வோலையின் வரிகளுக்கிடையே ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்று பொருள்படும் தொடர் ஒன்று நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது என்றும், ஓலை எழுதியவனும் அறியாத அவ்வெழுத்து இறைவனுடையதே எனத் தெளிந்தனர் என்றும் தலபுராண மரபு கூறும். வரிச்சுமையினின்று ஓர் ஊரைக் காத்த அந்த விலக்கு, பிற்காலத்தில் வேறொரு வகையில் அவ்வூருக்கும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதிக்கும் வாய்த்தது. சென்னையைப் பற்றி எழுந்த நூல்களுள் பெரும்பாலானவை இராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் எண்ணூரும் நீங்கலாகவே எழுதப்பட்டன. கோட்டை, கடற்கரைச் சாலை, மயிலை, திருவல்லிக்கேணி என்று தெற்கு நோக்கியே அவை நடந்தன. துறைமுகத்தைப் பேசும்போது சரக்கைப் பேசின. சரக்கைச் சுமந்தவர் குடியிருந்த தெருக்களைப் பேசவில்லை.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. தமிழ்நாடு முழுவதற்கும் மலிவு விலையில் புத்தகம் அச்சிட்டு அனுப்பியது இந்த வடபகுதியே. பிறர் கதைகளையெல்லாம் அச்சேற்றிய தெருக்கள் தம் கதையை அச்சேற்ற நெடுங்காலம் காத்திருந்தன. அந்தக் கதை ஏறியபோதும் பெரும் பதிப்பகங்களின் வழியே ஏறவில்லை. காலணாப் பாட்டுப் புத்தகம், சங்கத் துண்டறிக்கை, கைக்காசில் அச்சிட்ட தன்வரலாறு, சிற்றிதழ் ஆகிய சிறுவெளியீடுகளின் வழியாகவே ஏறியது. அவற்றுள் எத்தனை இன்று கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே இப்பகுதியின் வரலாறும் நிற்கிறது.

சென்னையின் அச்சு வரலாறு கோட்டைக்கு வடமேற்கே, வேப்பேரியில் தொடங்குகிறது. 1761-இல் ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. இயக்க ஆளின்றிக் கிடந்த அப்பொறி, அரசாங்க வேலைகளையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்னும் உடன்பாட்டின்பேரில் வேப்பேரியிலிருந்த பாதிரியார் பப்ரீசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1779-இல் அவருடைய தமிழ் ஆங்கில அகராதி அங்கே வெளியாயிற்று. 1835-இல் அச்சகத்துக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின், நாணயச் சாலையால் பெயர்பெற்ற தங்கசாலைத் தெருவும் அதைச் சூழ்ந்த சந்துகளும் அச்சுக்கூடங்களால் நிறைந்தன. 1849-இல் சென்னையில் அச்சுப்பொறி வாங்கி யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச்சென்ற ஆறுமுக நாவலர், பின்னர்த் தங்கசாலையிலும் ஓர் அச்சகம் நிறுவினார். அவருடைய பாலபாடங்கள் தமிழ்ச் சிறாரின் உரைநடைப் பயிற்சிக்கு எத்துணை உதவின என்பது சொல்லவேண்டுவதில்லை. ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்ட இராமலிங்கர், 1854-இல் மனுமுறைகண்ட வாசகத்தை வெளியிட்டார். கன்றை இழந்த பசுவின் கதையை எளிய உரைநடையில் சொல்லும் அந்நூலைச் சமய நூலாக மட்டும் கொள்வது வழக்கம்; சிறுவர்க்குச் சொல்லத்தக்க கதைநூலாகவும் அதைக் கொள்ளலாம். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பா அச்சேறியதும், அதையொட்டி எழுந்த அருட்பா மருட்பாப் பூசலில் கண்டனத் துண்டுநூல்கள் பெருகின. ப. சரவணன் அவற்றைத் தேடித் திரட்டி வெளியிட்டிராவிடில் அப்பெரும்பூசல் இன்று வெறும் வாய்மொழிச் செய்தியாகவே எஞ்சியிருக்கும்.

இவையெல்லாம் கற்றோர் அறிந்தவை. இலக்கிய வரலாறுகள் விரைந்து கடந்துபோகும் இடம் கொண்டித்தோப்பு.

தங்கசாலையை ஒட்டிய கொண்டித்தோப்பின் வெங்கட்டராம ஐயர் தெருவில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் நிறுவனத்தாரின் திருமகள் விலாச அச்சகம் இருந்தது. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணிமாலை, புலந்திரன் களவு, தேசிங்குராஜன் கதை என்று முகப்பில் 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழியோடு வந்த நூல்கள் தமிழகத்தின் கிராமங்களுக்கெல்லாம் சென்றன. ஆர். ஜி. பதி கம்பெனி போன்ற பிற நிறுவனங்களும் இவ்வணிகத்தில் இருந்தன. தேர்த்திருவிழாச் சந்தைகளிலும் இரயில் நிலையங்களிலும் வாரச் சந்தைத் தரைக்கடைகளிலும் அவை விற்றன. 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை, நெல்லையும் பருத்தியையும் நகருக்குக் கொணர்ந்தது போலவே, இந்நூல்களை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசென்றது.

பெரிய எழுத்து என்பது விளம்பரச் சொல் மட்டுமன்று; யார் எப்படிப் படித்தார்கள் என்பதற்கான சான்றும் ஆகும். எழுத்தைப் புதிதாகக் கற்றவர் அகல்விளக்கின் ஒளியில் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கும், ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்பதற்கும் ஏற்ற அளவில் அந்த எழுத்துகள் வார்க்கப்பட்டன. மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் இடையிடையே வரும். ஒரே படம் ஒரு நூலில் அல்லியாகவும் மற்றொன்றில் வேறோர் அரசியாகவும் வருவதை எவரும் பொருட்படுத்தவில்லை. படிக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தப் படமே கதையின் வாசல். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபின் பள்ளியில் புதிய வடிவங்களைக் கற்ற பிள்ளைகள், இந்நூல்களிலிருந்த துதிக்கை வடிவ ஐகாரக் குறியைக் கண்டு திகைத்தார்கள். அவ்விடத்தில் பாட்டிமாரோ பெரியம்மாமாரோ உதவிக்கு வந்தனர். ஒரு நூலைப் படிக்க இரண்டு தலைமுறை சேர்ந்து உட்கார நேர்ந்தது, எழுத்துச் சீர்திருத்தத்தை வகுத்தோர் எண்ணிப் பாராத நன்மை.

தமிழில் குழந்தை இலக்கிய வரலாறு எழுதுவோர் 1820-இல் ஏற்பட்ட சென்னைப் பள்ளிப் புத்தகச் சங்கத்தைக் குறிப்பிடுவர். 1822-இல் இலண்டனில் அச்சான வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும், 1826-இல் தாண்டவராய முதலியார் தந்த பஞ்சதந்திரத்தையும், 1870-இல் தோன்றிய ஜனவிநோதினி இதழையும் சொல்வர். அங்கிருந்து அழ. வள்ளியப்பாவும் நண்பர்களும் 1950-இல் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கத்துக்குத் தாவிவிடுவர். இடையில் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு, எழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் இருந்த நூல் எது என்னும் வினாவுக்கு இவ்வரலாறுகளில் விடையில்லை. தெனாலிராமன் கதை, மரியாதைராமன் கதை, விக்கிரமாதித்தன் கதை ஆகிய மலிவுப் பதிப்புகளே அவ்விடை. பிழைகள் மலிந்த தாள். வழுக்கள் நிறைந்த நடை. சில கதைகளில் சிறுவர்க்கு ஒவ்வாத பகுதிகளும் உண்டு. பெண்ணைப் பற்றிய பல கருத்துகள் இன்று ஏற்கத்தக்கன அல்ல. நல்லதங்காள் தன் பிள்ளைகளோடு கிணற்றில் விழுவதைக் கேட்டு அழுத சிறுமிகள் எத்தனை ஆயிரவரோ! இருந்தும் வறுமையையும் பசியையும் அண்ணி கொடுமையையும் மறைக்காமல் சொன்ன கதைநூல், பாடநூற் சங்கத்தாரின் நன்னெறிக் கதைகளைவிட அச்சிறுமிகளின் வாழ்வுக்கு அருகில் நின்றது. புலவர்கள் அதைப் புறக்கணித்தமைக்கு மொழித்தூய்மை ஒன்றே காரணமென்று கொள்வதற்கில்லை. வாங்கியவர் யார் என்பதும் காரணமே.

கதைக்குக் கொண்டித்தோப்பு போல, ஊர்ச் செய்திக்குக் குஜிலி. பூங்காநகரை அடுத்த குஜிலிக் கடைத்தெருவில் விற்றமையால் குஜிலிப் புத்தகம் என்று பெயர்பெற்ற இச்சிறுநூல்கள், பெரும்பாலும் எட்டோ பதினாறோ பக்கமுடையவை. புயல், வெள்ளம், இரயில் விபத்து, விலைவாசி, கொலை, தூக்குத் தண்டனை என எது நடந்தாலும் சில நாளில் சிந்தாகவோ கும்மியாகவோ அச்சேறிவிடும். எழுதியவரே தெருமுனையில் நின்று பாடி விற்பதும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது நகரமே நடுங்கிற்று. குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. அரசாங்க அறிக்கையில் அது சேதக் கணக்கு. மக்கள் வாயிலோ எம்டன் என்பது துணிந்தவனுக்கும் எமகாதகனுக்கும் அடைமொழியாகி நூறாண்டு கடந்தும் வழங்குகிறது. அத்தகைய வாய்மொழிக்கு அச்சில் இடம் தந்தவை இப்பாட்டுப் புத்தகங்களே. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கு நகரை உலுக்கியபோது, இராயபுரம் என்னும் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. கொலையுண்டவரின் தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்ததே அதற்குக் காரணம். அப்பகுதியின் ஆயிரக்கணக்கான உழைப்பாளர் பெற்றுத்தராத புகழை ஒரு கொலை பெற்றுத்தந்தது.

குஜிலிப் பாட்டுகளை ஊர் வரலாறு என்று சொன்னால் மறுப்போர் உண்டு. மிகைப்படுத்தல், மெட்டுக்காகச் சேர்த்த சொற்கள், நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே தீர்ப்பு வழங்கும் போக்கு ஆகிய குறைகள் அவற்றில் உள்ளமை உண்மை. எனினும் எந்தத் தெருவில் எப்போது என்ன பேசப்பட்டது என்பதை அறிய வேறு சான்றுகள் அரியவை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' 2004-இல் வெளியானபோதுதான் இவ்வகை நூல்கள் ஆராய்ச்சிக்குரியவை என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளில் பரவலாயிற்று. அதற்குள் மிகுதியும் அழிந்துவிட்டிருந்தன. 1867-ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலையும் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. காலாண்டுதோறும் வெளியான பட்டியல்களில் நூற்பெயர், அச்சகம், பக்கம், விலை, படிகளின் எண்ணிக்கை ஆகியவை காணப்படும். நூல் மறைந்து, பட்டியலில் ஒரு வரி மட்டும் எஞ்சிய நிலையில் உள்ளவை பல. அயலரசு ஐயத்தால் வகுத்த சட்டமே ஏழைப் பாவலனின் பெயரைக் காத்தது.

சிறுநூல் மறைவதற்கு அச்சுத்தொழிலின் இயல்பே ஒரு காரணம். சிற்றச்சகத்தில் ஈய எழுத்துகள் அளவோடுதான் இருக்கும். பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்தைக் கம்போசிட்டர் கோத்து, மெய்ப்புப் பார்த்து, டிரெடிலில் அச்சடித்தபின் அந்த எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியறைகளில் மீண்டும் இட்டால்தான் அடுத்த ஃபாரத்தைக் கோக்க இயலும். ஆகவே ஆயிரம் படி அச்சிட்டால் ஆயிரமே. மறுபதிப்பு வேண்டின் முதலிலிருந்து கோக்கவேண்டும். அதற்கான பணம் சிறுநூல் ஆசிரியரிடம் இருப்பதில்லை. எஞ்சியிருந்த பழம்படிகளும் ஒரே இடத்தில் குவிந்தமையால் ஓரிடத்தில் நேர்ந்த கேடு அனைத்தையும் கொண்டுபோயிற்று. பழநூற் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் சென்னையில் நூலகமாக அமைந்திராவிடில், குஜிலியைப் பற்றிய ஆராய்ச்சிக்கே இடமிருந்திராது. செட்டிநாட்டு ஊரொன்றில் இருந்தவர் ஒருவர் சென்னையின் குப்பையெனக் கருதப்பட்டதைக் காத்தார் என்பதை நகரத்தார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி நினைவுநூல்கள். இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை ஒரு சிறு வெளியீடாகத் தந்தார். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியது முதல் இலண்டன் வட்டமேசை மாநாடு வரை நீண்ட ஒரு வாழ்வு சில பக்கங்களில் அடங்கியது. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வார இதழில் தொடராக வரத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஒன்றைத் தமிழ்த் தன்வரலாற்றின் சிகரம் என்று பாடமாக வைத்தோம். மற்றதைப் பின்னாளில் தலித் வெளியீட்டாளர்கள் மறுபதிப்புச் செய்யும்வரை மறந்திருந்தோம். அளவிலும் நடையிலும் இரண்டும் ஒப்பிடத்தக்கன அல்ல; ஒப்பிடவும் வேண்டுவதில்லை. சுருக்கமாக எழுத நேர்ந்தமையே ஒரு செய்தி என்பதை மட்டும் கருதினால் போதும்.

திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-இல் வெளிவந்தது. வடசென்னையின் தொழிலாளர் வரலாற்றை அறிய இதற்கு இணையான தமிழ் நூல் அக்காலத்தில் இல்லை. பெரம்பூர் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரிடையே செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் பழகியது, வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில் பக்திச் சொற்பொழிவு கேட்கக் கூடிய தொழிலாளர் தம் குறைகளைப் பேசத் தொடங்கியது, 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, 1921-இன் வேலைநிறுத்தம், நாடுகடத்தப்படலாம் என்ற அச்சுறுத்தல் ஆகியவற்றின் காலத்தை அதில் காணலாம். பக்திச் சபை தொழிற்சங்கத்துக்குத் தாயாயிற்று என்னும் செய்தி ஏட்டு வரலாற்றாசிரியர்களைத் தடுமாறச் செய்யும். தெருவை அறிந்தவர்க்கு அது இயல்பு. எனினும் திரு. வி. க. இராயப்பேட்டையிலிருந்து பெரம்பூருக்கு வந்த தலைவர். தறியின் முன் நின்றவர், ஆலைச் சங்கு ஊதுமுன் கஞ்சி கட்டிக்கொடுத்தவள், இவர்கள் எழுதிய நூல் அன்று வரவில்லை. 1996-இல் அவ்வாலை மூடப்பட்டபோது, அதன் கதையைத் தொழிலாளியின் கையெழுத்தில் படிக்கத் தமிழனுக்கு வழியில்லை.

உழைப்பாளர் எழுத்தாளரான வாயில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அது அச்சகம். ம. பொ. சிவஞானம், விந்தன், ஜெயகாந்தன் மூவரும் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள். ம. பொ. சி. 'எனது போராட்ட'த்தில் அவ்வாழ்வைப் பதிவுசெய்தார். விந்தன் 1954-இல் 'மனிதன்' இதழைத் தாமே நடத்திப் பார்த்தார். பிறர் எழுத்தைத் தலைகீழாகக் கோத்துக் கோத்துத் தமிழ் பயின்ற இவர்களின் வாக்கியங்களில் வீண்சொல் குறைவு. ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் நோகும் என்பதை அறிந்தவர்கள் அல்லவா!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்த காலத்தில் இன்னொரு வகை நூலும் தொழிலாளர் வீடுகளுக்கு வந்தது. 1951-இல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் விற்ற சோவியத் நாட்டு நூல்கள் தடித்த அட்டையும் வண்ணப் படங்களும் கொண்டவை. விலையோ மிகக் குறைவு. பூ. சோமசுந்தரம் போன்றோரின் மொழிபெயர்ப்பில், பனியைக் கண்டறியாத பிள்ளைகள் பனிக்காட்டுக் கரடியைப் பற்றிப் படித்தனர். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அவ்வரவு நின்றது. உருசியக் கரடியை அறிந்த எண்ணூர்ப் பிள்ளைக்குத் தன் கழிமுகத்து நண்டைப் பற்றிய கதைநூல் அன்று கிடைக்கவில்லை. குற்றம் கரடியுடையது அன்று.

இப்பகுதியைப் பற்றிய எழுத்து 2000-க்குப் பின் பெருகியமை மகிழ்ச்சிக்குரியது. கரன் கார்க்கியின் 'அறுபடும் விலங்கு', 'கறுப்பர் நகரம்' ஆகிய புதினங்கள் உழைப்பாளர் குடியிருப்பை உள்ளிருந்து காட்டின. தமிழ்மகன் 2009-இல் வெளியிட்ட 'வெட்டுப்புலி' ஒரு தீப்பெட்டிப் படத்தைத் தொட்டு நூற்றாண்டு வரலாற்றை விரித்தது. தீப்பெட்டி என்றவுடன் திருவொற்றியூரார்க்கு விம்கோ ஆலை நினைவுக்கு வரும். பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' எவரும் வரலாறு எழுதாத மனிதர்களின் நினைவுச் சித்திரங்கள்; வார இதழில் தொடராக வந்து நூலானது. ஷாலின் மரிய லாரன்ஸின் 'வடசென்னைக்காரி', நிவேதிதா லூயிஸின் 'வடசென்னை: வரலாறும் வாழ்வியலும்' ஆகிய இரண்டும் பெண்கள் எழுதியவை. 2014 முதல் திரைப்படங்கள் இப்பகுதியை மீண்டும் மீண்டும் காட்டின. அடிதடியைத் தேடி வந்தவையும் அவற்றில் உண்டு. மேற்கண்ட நூல்களைப் படித்தவர் திரையில் விடுபட்டதை எளிதில் காண்பர். மீனைக் கூறுகட்டி விற்றுக் குடும்பம் காத்த காசிமேட்டுப் பெண்ணின் நாட்கணக்கு திரைக்கு இன்னும் தொலைவிலேயே உள்ளது.

எழுதப்படவேண்டுவன காத்திருக்கவில்லை, அழிந்துகொண்டிருக்கின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற் குழாய்க் கசிவால் கொசத்தலையாற்றின் கழிமுகம் தூர்ந்தது. 2017 சனவரியில் கப்பல்கள் மோதியும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடும் எண்ணெய் பரவியது. கழி மாறும்போது அதன் சொற்களும் மாறுகின்றன. இறாலைக் கையால் தடவிப் பிடித்த முறை, வாடையையும் கொண்டலையும் கச்சானையும் முகத்தில் உணர்ந்து பெயர்சொல்லும் அறிவு, உப்பளத்து வழக்குகள் ஆகியவை முதியோர் நாவில் உள்ளன. இன்று எழுத்தைக் கோத்துக் கலைக்கவேண்டியதில்லை. நூறு படி மட்டும் அச்சிடவும் இயலும். ஒரு பேரக்குழந்தைக்குச் சொல்வது போல ஒரு மீனவர் சொன்னதை நாற்பது பக்கத்தில் அச்சிட்டால் அது நினைவுநூல், ஊர் வரலாறு, சிறுவர் கதை என்னும் மூன்றுமாக நிற்கும். கவிஞர்கள் தம் முதல் தொகுப்பை அச்சிட எடுத்துக்கொள்ளும் முயற்சியில் பாதி போதும்.

அச்சிட்டதைச் சேர்ப்பிக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பிப்பது வேறு கடமை. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்படவேண்டும். சிறுவெளியீட்டாளர் பலர் இதைச் செய்வதில்லை. இலக்கிய வட்டங்களின் ஆண்டுமலர்கள் இவ்வகையில் மிகவும் இரங்கத்தக்கவை; விழா முடிந்த மாலையிலேயே அவை நூலகத்துக்கு எட்டாப் பொருளாகிவிடுகின்றன.

வீடுகள் காத்தவையும் உண்டு. அயோத்திதாச பண்டிதர் 1907 சூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அது வெளிவந்த இடம் இராயப்பேட்டை. இராயபுரம் என்று எழுதுவோர் பெயரொற்றுமையால் மயங்குகின்றனர். பெரம்பூர் பௌத்தர்கள் அதன் வாசகர். தம் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடி எல்லிஸ் துரையிடம் சேர்ந்த வரலாற்றை அயோத்திதாசர் அவ்விதழில் எழுதினார். குடும்ப நினைவு ஒன்று பைசா விலைத் தாளில் ஏறியதால் நூற்பதிப்பு வரலாற்றுக்கு ஒரு சான்று கிடைத்தது. 1914-இல் அவர் மறைந்தபின் நெடுங்காலம் அவ்விதழ்களைத் தமிழ்த்துறைகள் தேடவில்லை. அன்பு பொன்னோவியம் முதலியோர் பாதுகாத்து வைத்திருந்த படிகளிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் வெளியாயிற்று. வெளியிட்டது பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம்.